கைவேலைக்கு மணிக்கணக்கில் கூலி: தர்மபுரி, கிருஷ்ணகிரியில் ஒரு கைவினைக் குழுவைக் காலூன்ற வைக்க முழுமையான வழிகாட்டி

அரூர் பக்கம் லம்பாடி மக்கள் குடியிருக்கிற ஒரு தண்டாவில், பாட்டி ஒருவர் கட்டிலுக்கு அடியிலிருந்து தகரப் பெட்டியை இழுத்துத் திறந்தார். மேலே ரேஷன் கார்டு, பேரனுடைய மாற்றுச் சான்றிதழ். அடியில், பழைய புடவையில் சுற்றி ஒரு பாவாடை. அவருடைய கல்யாணத்துக்கு அவர் அம்மா தைத்தது. ஓரமெல்லாம் சோழி, நடுவில் விரல்நக அளவுக் கண்ணாடிகள். அத்தனை வருடத்தில் ஒரு கண்ணாடிகூட உதிரவில்லை.

"நீங்களும் இப்படித் தைப்பீங்களா பாட்டி?" என்று கேட்டேன்.

"தைப்பேன் கண்ணு. யாருக்குத் தைக்கிறது?"

அந்தக் கேள்விக்குப் பதில் தேடித்தான் சில வருடங்களாகக் கைவினைக் குழுக்களோடு சுற்றிக்கொண்டிருக்கிறேன். நான் கண்டது ஒன்றுதான். கைவினையை நேசிக்கிறவர்கள் இல்லாமல் அது சாகவில்லை. அதில் உட்கார்கிற ஒரு மணி நேரத்துக்கு என்ன கூலி என்று யாரும் கணக்குப் போடாததால் சாகிறது. களையெடுக்கப் போனால் கிடைக்கும் கூலி ஊசி பிடித்தால் கிடைக்காது என்றால், எந்தப் பெண் ஊசி பிடிப்பாள்? இந்த வழிகாட்டி முழுக்க அந்த ஒரு மணி நேரத்தைச் சுற்றித்தான் இருக்கும். சுய உதவிக் குழுவின் தலைவி, ஊருக்குத் திரும்பி வந்த பட்டதாரி, ஏதாவது செய்ய நினைக்கிற ஆசிரியர், யாராக இருந்தாலும் இதைப் பிடித்துக்கொண்டு தொடங்கலாம்.

முதல் படி: ஊரில் என்ன இருக்கிறது என்று நடந்து பாருங்கள்

இணையத்தில் தேடினால் தஞ்சாவூர்த் தட்டும் பத்தமடைப் பாயும் வரும். நம் மாவட்டங்களைப் பற்றி அதிகம் வராது. அதனால் இங்கே ஒன்றுமில்லை என்று நினைத்துவிடாதீர்கள்.

ஒகேனக்கல்லில் பரிசல் கட்டுகிறவர்களைப் பாருங்கள். மூங்கிலைப் பிளந்து, தரையில் விரித்துக் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னி, விளிம்பை வளைத்துத் தூக்கிக் கட்டுவார்கள். முன்பு அதன்மேல் மாட்டுத் தோல் போர்த்தினார்கள். இப்போது பிளாஸ்டிக் விரிப்பும் தாரும். பின்னல் மட்டும் அதே பின்னல். தேன்கனிக்கோட்டை, பென்னாகரம் மலையோரங்களில் மூங்கில் கூடையும் முறமும் முடைகிறவர்கள் இருக்கிறார்கள். ஈச்சம் ஓலை, பனை ஓலை வேலை தெரிந்தவர்கள், சக்கரம் சுற்றுகிற குயவர்கள், தெருக்கூத்துக்குக் கல்யாண முருங்கைக் கட்டையில் கிரீடமும் புஜக்கட்டையும் செதுக்கிக் கண்ணாடிச் சில்லு ஒட்டுகிறவர்கள் என்று தேடினால் கிடைப்பார்கள். இரண்டு மாவட்டத்திலும் பட்டுப்புழு வளர்ப்பு உண்டு, தர்மபுரியில் அரசுப் பட்டுக்கூடு அங்காடியே இருக்கிறது. நூல் எடுக்கத் தோதில்லாத கூடுகளை வெட்டி மாலையும் பூவும் செய்யலாம்.

லம்பாடி தையலுக்கு நம் மாவட்டத்திலேயே முன்மாதிரி இருக்கிறது. சித்தேரி மலைக்கும் கல்வராயன் மலைக்கும் நடுவில் இருக்கிற சிட்டிலிங்கி பள்ளத்தாக்குக்கு மருத்துவர்கள் ரெஜி ஜார்ஜும் லலிதாவும் வந்து 1993-இல் பழங்குடியினருக்கான மருத்துவப் பணியைத் தொடங்கினார்கள். அதிலிருந்து இயற்கை விவசாயிகள் சங்கம் கிளைத்தது. 2006 வாக்கில், தையலை ஏறக்குறைய மறந்துவிட்டிருந்த லம்பாடிப் பெண்களை மறுபடி ஊசி எடுக்க வைத்த 'போர்கை' என்ற அமைப்பும் பிறந்தது. அவர்கள் மொழியில் அதற்குப் பெருமிதம் என்று பொருள். இரண்டு பெண்களோடு ஆரம்பித்தது அறுபது பேர் வரை வளர்ந்தது. நீங்கள் எதைத் தொடங்கினாலும் ஒருமுறை அங்கே போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். போகும்போது ஒரு பையாவது காசு கொடுத்து வாங்குங்கள். பார்க்க மட்டும் வருகிறவர்களால் அவர்களுக்கு அரை நாள் வேலை கெடும்.

இந்தத் தேடலுக்கு ஒரு மாதம் ஒதுக்குங்கள். வாரச் சந்தைதான் நல்ல இடம். கூடை விற்கிறவரிடம் "இதை யார் முடைஞ்சது?" என்று கேளுங்கள், அவரே ஊரைச் சொல்லிவிடுவார்.

இரண்டாம் படி: கற்றுக்கொள்ள உட்காருங்கள், எடுத்துக்கொண்டு ஓடாதீர்கள்

முதல் சந்திப்பிலேயே கேமராவையும் படிவத்தையும் நீட்டாதீர்கள். "லோன் வாங்கித் தர்றோம்" என்று வந்து கையெழுத்து வாங்கிப் போனவர்களை இந்தக் கிராமங்கள் நிறையப் பார்த்திருக்கின்றன. மூன்று நான்கு முறை சும்மா போங்கள். கூட உட்கார்ந்து நீங்களும் ஊசி பிடியுங்கள்.

நான் கண்ணாடி வைத்துத் தைக்கக் கற்றது அப்படித்தான். கண்ணாடியில் ஓட்டை கிடையாது, பசையும் கிடையாது. இடது கட்டை விரலால் சில்லைத் துணிமேல் அழுத்திக்கொண்டு, நூலை அதன்மேல் இந்தப்பக்கம் இரண்டு, அந்தப்பக்கம் இரண்டு என்று இழுத்தால் நடுவில் ஒரு சின்னச் சதுரம் விழும். அப்புறம் அந்தச் சதுர நூலையும் துணியையும் மாறிமாறிப் பிடித்துக்கொண்டு ஊசி வட்டமாகச் சுற்றி வரும். ஒவ்வொரு சுற்றிலும் சதுரம் வெளிப்பக்கம் இழுபட்டு வட்டமாகிக் கண்ணாடியைக் கவ்விக்கொள்ளும். முதல் நான்கு நூல் தொளதொளப்பாக இருந்தால் கண்ணாடி ஒரு மாதத்தில் விழும். ரொம்ப இறுக்கினால் துணி சுருங்கும். என்னுடைய முதல் கண்ணாடியைப் பாட்டி ஒரு விரலால் தட்டிப் பார்த்தார், உடனே கழன்று மடியில் விழுந்தது. எதுவும் சொல்லாமல் நூலை வெட்டி ஊசியைத் திரும்ப என் கையில் கொடுத்தார்.

இப்படி உட்கார்ந்தால்தான் ஒரு வேலை எவ்வளவு நேரம் பிடிக்கிறது, எந்த இடத்தில் கை வலிக்கிறது என்று தெரியும்.

தெரிந்ததையெல்லாம் ஒரு மாதிரிப் புத்தகமாகச் சேருங்கள். உள்ளங்கை அகலத் துணித் துண்டுகள், ஒவ்வொன்றிலும் ஒரு தையல், கீழே அவர்கள் மொழியில் அதன் பெயர், தைத்தவர் பெயர், ஆன நேரம். பெயர் முக்கியம். கர்நாடகத்துச் சந்தூரில் லம்பாணித் தையலுக்கு (லம்பாடியை அங்கே அப்படிச் சொல்வார்கள்) கிடைத்த மாதிரி நாளை நீங்களும் புவிசார் குறியீடு கேட்கப் போனால், இந்தப் பதிவு கைகொடுக்கும். புத்தகம் இரண்டு படி தயாரித்து முதல் படியைத் தண்டாவிலேயே வையுங்கள். பாட்டியின் பாவாடையை மட்டும் விலை பேசாதீர்கள். பழைய பாவாடைகளைச் சொற்பக் காசுக்கு வாங்கி நகரத்தில் பல மடங்குக்கு விற்கிற வியாபாரிகள் உண்டு. அது போய்விட்டால் அடுத்த தலைமுறை எதைப் பார்த்துத் தைக்கும்?

இன்னொன்றும் இந்தக் கட்டத்திலேயே செய்ய வேண்டும்: கண் பரிசோதனை. நாற்பது வயதுக்கு மேல் கிட்டத்தில் இருப்பது மங்கும். "எனக்கு மறந்துபோச்சு" என்று சொன்ன அக்கா ஒருவருக்கு உண்மையில் ஊசிக் காது தெரியவில்லை. படிக்கிற கண்ணாடி போட்டதும் அன்றைக்குச் சாயங்காலமே ஒரு பூ முடித்துவிட்டார். 2018-இல் வெளிவந்த ஆய்வு ஒன்றில், அசாம் தேயிலைத் தோட்டத்தில் இப்படிக் கண்ணாடி கிடைத்தவர்கள் கிடைக்காதவர்களைவிட ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் கூடுதலாகப் பறித்தார்கள். குழுவுக்கு நீங்கள் வாங்கும் முதல் கருவி மூக்குக்கண்ணாடியாக இருக்கட்டும்.

மூன்றாம் படி: நேரத்தை எழுதுங்கள், அப்புறம் விலை போடுங்கள்

மற்ற எல்லாவற்றையும் அரைகுறையாகச் செய்தாலும் குழு தப்பிக்கும். இதில் தப்பு செய்தால் தப்பிக்காது.

ஆளுக்கு ஒரு நாற்பது பக்க நோட்டு கொடுங்கள். வேலையைத் தொடங்கிய நேரம், நிறுத்திய நேரம். எழுதத் தெரியாதவர்கள் அரை மணிக்கு ஒரு கோடு போடட்டும். அடுப்பைப் பார்க்க எழுந்தால் கோடு நிற்கட்டும். இரண்டு வாரம் போதும், ஒரு பூவுக்கு எத்தனை மணி, ஒரு முறத்துக்கு எத்தனை மணி என்று கைக்கு வந்துவிடும்.

அடுத்து மணிக்குக் கூலி. நூறு நாள் வேலைக்குத் தமிழ்நாட்டில் 2025-26-க்கு அறிவித்த கூலி நாளுக்கு 336 ரூபாய். எட்டு மணி நேரம் என்று வைத்தால் மணிக்கு 42. இதுதான் தரை, இதற்குக் கீழே ஒருபோதும் இறங்காதீர்கள். கைத்திறன் உள்ள வேலை என்பதால் 50-இல் தொடங்குவது நியாயம், கை தேர்ந்தவருக்கு இன்னும் மேலே.

ஒரு தோள்பையை உதாரணத்துக்கு எடுப்போம். தையல் 7 மணி, மணிக்கு 50 என்றால் 350. துணியும் உள்துணியும் 110. நூலும் கண்ணாடியும் 25. மிஷினில் பையாக மூட்டும் கூலி 50. துவைத்துத் தேய்ப்பது, அட்டை, பஸ் பார்சல் எல்லாம் 25. மொத்தம் 560. குழுவின் பொது நிதிக்குப் பத்து சதவீதம் 56. ஆகக் கையில் வர வேண்டியது 616, முழுசாக 620.

இனிமேல்தான் பலபேர் சறுக்குகிற இடம். நகரத்துக் கடைகள் விற்பனை விலையில் 30, 35, சில சமயம் 40 சதவீதம் எடுத்துக்கொள்ளும். "சரி, 620-இல் 35 சதவீதம் கூட்டுவோம்" என்று 837 ரூபாய் போட்டால் என்ன ஆகும்? கடை எடுப்பது 837-இல் 35 சதவீதம், அதாவது 293. உங்களுக்கு வருவது 544. அடக்கவிலையான 560-ஐவிட 16 ரூபாய் குறைவு. குழு ஒவ்வொரு பைக்கும் தன் காசைப் போட்டுக் கடைக்குத் தைத்துக் கொடுத்த மாதிரி ஆகிவிடும். சரியான கணக்கு கூட்டல் கிடையாது, வகுத்தல். 620-ஐ 0.65-ஆல் வகுங்கள், 954 வரும். விலை 955.

"955-க்கு யார் வாங்குவாங்க?" என்று குழுவுக்குள்ளேயே கேட்பார்கள். அப்போது கூலியைக் குறைக்காதீர்கள், வேலையைக் குறையுங்கள். பை முழுக்கத் தையல் வேண்டாம், மூடியில் மட்டும் ஒரு பட்டை, இரண்டு மணி நேர வேலை. அந்தப் பை பாதி விலைக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். மணிக்கு 50 மட்டும் அப்படியே இருக்கும்.

நேரடியாகச் சந்தையில் விற்றாலும் விலை 955-தான். கடையில் ஒரு விலை, உங்களிடம் ஒரு விலை என்றால் கடைக்காரர் அடுத்த முறை சரக்கு எடுக்க மாட்டார். கடைக்குப் போகாமல் மிஞ்சுகிற பணம் குழுவின் பஸ் செலவுக்கும் கண்காட்சிச் செலவுக்கும் போகட்டும்.

நான்காம் படி: மூலப்பொருளைச் சோதிக்காமல் ஆர்டர் எடுக்காதீர்கள்

இதை ஒரு நஷ்டத்தில்தான் கற்றேன். வெள்ளைக் காடாத் துணியில் சிவப்பு நூலில் நாற்பது தலையணை உறை. முடித்த பிறகு அழுக்குப் போகட்டும் என்று ஊறவைத்தோம். ஒரு மணி நேரத்தில் எல்லாம் இளஞ்சிவப்பு. நூல் விற்ற கடை "சாயம் போகாது" என்று சொன்னதை அப்படியே நம்பியிருந்தேன். பெண்களுக்குக் கூலி கொடுத்துவிட்டோம், கொடுக்காமல் இருக்க முடியாது. பொது நிதி காலியானது. அன்றிலிருந்து எந்த நூல் வந்தாலும் ஒரு முழம் வெட்டி, வெந்நீரில் சோப்போடு போட்டு, வெள்ளைத் துணியில் வைத்துப் பிழிந்து பார்க்கிறோம். துணியையும் வெட்டுவதற்கு முன்னால் ஒருமுறை நனைத்துக் காயவைக்கிறோம், சுருங்குவது தைப்பதற்கு முன்னாலேயே சுருங்கிவிடட்டும்.

மூங்கிலுக்கு எதிரி உளு, உள்ளே துளைத்துத் தின்கிற வண்டு. வாங்கிய கூடையிலிருந்து மாவு கொட்டினால் அந்த வாடிக்கையாளர் திரும்பி வரவே மாட்டார். மூங்கிலில் இருக்கிற மாவுச்சத்தைத் தின்னத்தான் வண்டு வருகிறது. அதனால் மூன்று வயதுக்குக் குறைந்த இளமூங்கிலை வெட்டக் கூடாது. வெட்டியதைத் தண்ணீரில் சில வாரம் ஊறப்போட்டால் சத்துக் கரைந்துபோகும். தேய்பிறையில் வெட்டு என்று பெரியவர்கள் சொல்வதையும் கேட்டுக்கொள்ளுங்கள். விளக்குக்கூடு, நாற்காலி மாதிரி சாப்பாடு படாத பொருளுக்குப் போராக்ஸும் போரிக் அமிலமும் கரைத்த நீரில் ஊறவைக்கலாம். முறத்துக்கும் சாதம் வடிக்கிற கூடைக்கும் அது வேண்டாம்.

சட்டமும் தெரிந்திருக்க வேண்டும். 2017-இல் வனச் சட்டத்தைத் திருத்தியதிலிருந்து, காட்டுக்கு வெளியே பட்டா நிலத்தில் வளர்கிற மூங்கில் 'மரம்' என்ற கணக்கில் வராது. காட்டு மூங்கில் 2006 வன உரிமைச் சட்டப்படி சிறு வனப்பொருள், அதற்கு உரிமை பெற்றவர்கள் எடுக்கலாம். உரிமைப் பத்திரம் கையில் இல்லாதவரைக் காட்டுக்குள் அனுப்பி மாட்டிவிடாதீர்கள். தோட்டத்து மூங்கில் வாங்குவதுதான் தொல்லையில்லாத வழி. மூங்கில் கிடைக்காத ஊரில் உண்ணிச்செடியை யோசியுங்கள். காட்டை அடைத்துக்கொண்டு வளர்கிற அந்தக் களைச்செடியில், நம் எல்லையை ஒட்டிய மாதேஸ்வரன் மலையில் சோளகர் பழங்குடியினர் நாற்காலியும் கூடையும் செய்கிறார்கள்.

குயவர்களுக்கு, ஏரி குளத்து மண் எடுக்க வட்டாட்சியரிடம் விண்ணப்பிக்க வேண்டும். ஏரி காய்ந்திருக்கிற மாதங்களிலேயே ஒரு வருட மண்ணைச் சேர்த்துவையுங்கள்.

ஐந்தாம் படி: என்ன செய்து விற்பது

அழகுக்குச் சுவரில் மாட்டுகிற பொருளை வருடத்துக்கு ஒன்று வாங்குவார்கள், அன்றாடம் புழங்குகிற பொருளைத் திரும்பத் திரும்ப வாங்குவார்கள். கல்யாணத் தாம்பூலப் பை எனக்குப் பிடித்த எடுத்துக்காட்டு. ஓரத்தில் ஒரே ஒரு வரிசைத் தையல், இருபது நிமிட வேலை, ஒரு கல்யாணத்துக்கு முந்நூறு பை. சீர்வரிசைக்கு மூங்கில் தட்டு, பொங்கலுக்குக் கோலம் எழுதிய பானை, கொலுவுக்குச் சின்னக் கூடை, அலுவலகத்துக்கு லேப்டாப் உறை எல்லாம் போகும்.

புது வடிவம் கொண்டுவருகிறவர் குழுவோடு உட்கார்ந்து வரைய வேண்டும். எதை மாற்றலாம், எதை மாற்றக் கூடாது என்பதைத் தையல் தெரிந்தவர்தான் சொல்ல முடியும். ஒரு வடிவமைப்பாளர் நிறமெல்லாம் மங்கலாக இருக்கட்டும் என்று கேட்டார். பாட்டி சாம்பல் நிற நூலைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, "இது எங்க துணி மாதிரி இல்லையே" என்று கீழே வைத்துவிட்டார். அந்த ஆர்டரை விட்டுவிட்டோம். அதில் எனக்கு இன்றும் வருத்தமில்லை.

ஆறாம் படி: காகித வேலை

இதற்குப் பயப்பட வேண்டாம். முதலில் ஒவ்வொருவருக்கும் மத்திய ஜவுளி அமைச்சகத்தின் கைவினைஞர் அடையாள அட்டை. ஆதார், வங்கிக் கணக்கு, புகைப்படம், செய்த பொருள் தயாராக இருக்கட்டும். கண்காட்சிகளில் இடம் கேட்க இந்த அட்டை வேண்டும்.

பணத்துக்கு மாவட்டத் தொழில் மையம். 2025 ஏப்ரலில் தமிழ்நாடு அரசு தொடங்கிய கலைஞர் கைவினைத் திட்டத்தில் 25 வகைத் தொழில்கள் உண்டு. 3 லட்சம் வரை கடன், அதில் 25 சதவீதம், அதிகபட்சம் 50,000 ரூபாய் மானியம், வட்டியிலும் 5 சதவீதம் வரை சலுகை. குறைந்தபட்ச வயது 35. உங்கள் தொழில் பட்டியலில் எந்தப் பெயரில் இருக்கிறது, இப்போது விண்ணப்பம் வாங்குகிறார்களா என்று நேரில் கேட்டுவிட்டு எழுதுங்கள். என் கருத்து: ஆர்டர் கையில் இல்லாமல் கடன் வாங்காதீர்கள். முதல் ஆறு மாதம் சின்ன முதலில் ஓட்டுங்கள்.

பெண்கள் ஏற்கெனவே மகளிர் சுய உதவிக் குழுவில் இருந்தால் அதையே பயன்படுத்துங்கள். 'மதி' என்ற பெயரில் அரசு நடத்தும் விற்பனை நிலையங்களுக்கு அந்த வழியில் போகலாம். 1973 முதல் இயங்கும் பூம்புகார் நிறுவனமும் கைவினைஞர்களிடம் பொருள் எடுக்கிறது. ஆர்டர் பெருகிய பிறகு ஏழு பேர் சேர்ந்து சங்கமாகப் பதியலாம்.

ஏழாம் படி: விற்பனை

ஓசூரிலிருந்து பெங்களூரு நாற்பது கிலோமீட்டர்தான். இவ்வளவு பெரிய சந்தை இத்தனை பக்கத்தில் இருப்பது நம் அதிர்ஷ்டம். ஓசூர்த் தொழிற்சாலைகளின் தீபாவளிப் பரிசுக்கு ஆடியிலேயே மாதிரி கொண்டுபோங்கள், ஐப்பசியில் போனால் நடக்காது. கிருஷ்ணகிரி மாங்கனிக் கண்காட்சி, ஒகேனக்கல் ஆடிப்பெருக்கு, தீர்த்தமலைத் திருவிழா, மூன்றிலும் கூட்டம் உண்டு. அங்கே சின்ன விலைப் பொருள்தான் போகும். பெரிய விலைக்கு பெங்களூரு.

கடைக்குக் கொடுக்கும்போது பாதிப் பணம் முன்பணம், மீதி சரக்கு போய் முப்பது நாளில் என்று எழுதி வாங்குங்கள். நகரத்துக் கடை ஒன்று எங்கள் பைகளை விற்றபின் பணம் கொடுக்க ஏழு மாதம் இழுத்தது. அந்த ஏழு மாதத்தில் இரண்டு பேர் ஊசியை வைத்துவிட்டு திருப்பூருக்குப் போய்விட்டார்கள். பணம் கடைசியில் வந்தது, அவர்கள் வரவில்லை.

ஒவ்வொரு பொருளிலும் ஓர் அட்டை கட்டுங்கள். செய்தவர் சம்மதித்தால் அவர் பெயர், ஊர், எத்தனை மணி நேர வேலை என்பது. "7 மணி நேரம்" என்று பார்த்த பிறகு பேரம் பேசுகிறவர்களின் குரல் மாறுவதைப் பல முறை கேட்டிருக்கிறேன்.

எட்டாம் படி: நீங்கள் விலகிக்கொள்வது

முதல் நாளிலிருந்தே இதற்குத் தயார் செய்யுங்கள். வங்கிக் கணக்கில் கையெழுத்து குழுவில் இருக்கிற இருவருடையது. ஆர்டர் எடுப்பது, நூல் வாங்குவது, கணக்கு எழுதுவது ஒவ்வொன்றையும் ஆளுக்கு ஒன்றாக முதல் வருடத்திலேயே பிரித்துக் கொடுங்கள். பிளஸ் டூ முடித்த பெண் யாராவது இருந்தால் கணக்கு நோட்டு அவளிடம் போகட்டும், அதற்கும் மணிக்கூலி உண்டு. பள்ளி விடுமுறையில் பிள்ளைகள் கற்க உட்கார்ந்தால், கற்றுக்கொடுக்கிற பாட்டிக்கும் அந்த நேரத்துக்குக் கூலி போடுங்கள்.

போன தையிலிருந்து அட்டையில் என் எண்ணை எடுத்துவிட்டுக் குழுவின் எண்ணை அச்சடித்திருக்கிறோம். பழைய அட்டையைப் பார்த்து இன்னும் சிலர் என்னைக் கூப்பிடுகிறார்கள். எண்ணை மாற்றிக் கொடுத்துவிட்டு, "காலையில் பத்து மணிக்கு மேல் கூப்பிடுங்கள், அதுவரை ஆடு மாடு வேலை இருக்கும்" என்று மட்டும் சொல்கிறேன்.